உயரச் சுருட்டிய பாய், தாழச் சுருட்டிய பாய்

முன்னொரு காலத்திலே, மந்திரவாதி பட்டப்பகலில் கடைத்தெருவில் நடந்து போனாலும் யாரும் திரும்பிப் பார்க்காத காலத்திலே, நெட்டூர் என்றொரு நாடு இருந்தது.

அந்த நாட்டு ஜனங்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எது உயரமோ அதுதான் பெரிது. மாப்பிள்ளை பார்க்கப் போனால் நிலம் எத்தனை என்று கேட்க மாட்டார்கள், வைக்கோல் போர் எத்தனை ஆள் உயரம் என்று கேட்பார்கள். தலைப்பாகையை ஒரு சுற்று கூடுதலாக உயர்த்திக் கட்டியவனுக்குத்தான் கோயிலில் முதல் விபூதி. ராஜாவின் அரண்மனை பனைமரத்தைவிட உயரம். உள்ளே எதிரெதிராக இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்பக்கமாகவே நடந்து போக வேண்டும், அவ்வளவு குறுகல். ராஜாவே பல தடவை அப்படிப் பின்பக்கமாக நடந்திருக்கிறார். யாரும் சிரித்ததில்லை.

இந்தக் கிறுக்கை மோப்பம் பிடித்துத்தான் சாம்பலூதி வந்து சேர்ந்தான்.

சாம்பலூதி ஒரு மந்திரவாதி. ஊர் எல்லையில் நின்று உள்ளங்கையை விரித்து ஒரே ஒரு ஊது ஊதினான். அன்றிலிருந்து தை மாதம் தாண்டி எந்த வீட்டில் தானியம் இருந்தாலும் அது சாம்பலாகிப் போனது. கம்பு வைத்த பானையில் சாம்பல். வரகு வைத்த பானையில் சாம்பல். விதைக்கு ஒளித்து வைத்த சுரைக்குடுக்கையிலும் சாம்பல். ஊரே போய் அவன் காலில் விழுந்தது.

"பயப்படாதீங்க," என்றான் சாம்பலூதி. "என் குகையில தானியம் கெடாது, அங்கேருந்து வந்ததும் சாம்பலாகாது. தையில எங்கிட்ட குடுங்க, ஆடியில திருப்பி வாங்கிக்குங்க. வீட்டுக்கு ஒரு பாய் குடுக்கணும், ஒரு பாய் வாங்கிக்கணும். கூலி ஒண்ணும் வேண்டாம்."

பாய் அவனுடையது. பொன் நிறத்தில் மின்னும் கோரைப்பாய், எட்டு முழ நீளம், நாலு முழ அகலம். சுருட்டி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து முள் குத்தி, சாணம் மெழுகிய தரையில் நிறுத்தினால் அதுவே ஒரு குதிர். வாய் வரைக்கும் நிரப்பினால் ஒரு பாய் தானியம்.

"எப்படிச் சுருட்டட்டும்?" என்று கேட்பான். ஒரு தடவையல்ல, மூன்று தடவை கேட்பான்.

தை மாதம், கொடுக்கிற நாளில், ஜனங்கள் சொல்வார்கள்: "தாழச் சுருட்டுங்க, சாமி." எட்டு முழமும் வட்டமாக வளைந்துபோகும், குதிர் நாலு முழ உயரத்தில் குட்டையாக நிற்கும். ஆடி மாதம், வாங்குகிற நாளில், அதே வாய்கள் சொல்லும்: "உயரச் சுருட்டுங்க, சாமி." நாலு முழம் வட்டமாகும், குதிர் எட்டு முழ உயரத்துக்கு நெடுநெடுவென்று நிற்கும். ஏணி வைத்து ஏறித்தான் கொட்ட வேண்டும். ஏணியில் ஏறுகிறவனுக்கு அன்று ஊரில் ஒரு மிதப்பு.

"குடுத்தது நாலு முழ உயரம், வாங்கினது எட்டு முழ உயரம். சாமி பாவம், சூது வாது தெரியாதவர்," என்று ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள்.

எல்லாம் முடிந்ததும் சாம்பலூதி பாயைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்பான்.

"குடுத்ததும் வாங்கினதும் சமமா?"

"சமம்."

"குடுத்ததும் வாங்கினதும் சமமா?"

"சமம்."

"குடுத்ததும் வாங்கினதும் சமமா?"

"சமம், சாமி, சமம்."

ஆனால் ஆடியில் வாங்கிய தானியம் ஐப்பசி வரைக்கும் வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆவணியிலேயே பானை காலி. "குகைத் தானியம் சீக்கிரம் செரிச்சுப்போகுது," என்று ஜனங்கள் வயிற்றின் மேல் பழி போட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. தை மாதம் எந்த வீட்டின் பாய் நிரம்பவில்லையோ, அந்த வீட்டில் ஒருவர் வைக்கோல் பொம்மையாகித் தன் வயலிலேயே நிற்க வேண்டும். மழைக்காலம் வந்தால் வைக்கோல் அழுகும். அப்புறம் ஒரு குச்சிதான் மிஞ்சும்.

இப்படியே நாற்பது வருஷம்.

அந்த ஊருக்கு உப்பு கொண்டுவருகிறவள் சிலம்பாயி. இரண்டு பொதிமாடு, இரண்டு சின்னப் பாய், மூக்குக்கு மேல் கோபம். இவ்வளவுதான் அவள் சொத்து. அப்பன் ஆத்தாள் இல்லாமல் பத்து வயதில் உப்பளத்துக்குப் போனவள். அங்கே ஒரு வியாபாரி அவளை மூன்று தடவை ஏமாற்றினான். ஒரு பாய் உப்பு கொடுப்பான், ஒரு பாய் கருவாடு வாங்கிக்கொள்வான். ஒவ்வொரு தடவையும் ஏதோ உதைத்தது, என்னவென்று பிடிபடவில்லை. மூன்றாம் தடவை அவள் கடற்கரையில் உட்கார்ந்து, பாயை இப்படிச் சுருட்டி மணலை நிரப்பினாள், அப்படிச் சுருட்டி மணலை நிரப்பினாள், பார்த்தாள். சிரித்தாள். அப்புறம் அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதையே தன் தொழிலாக்கிக்கொண்டாள்.

ஆமாம். நெட்டூரில் உப்பு விற்கும்போது எட்டுச் சாண் பாயை உயரச் சுருட்டுவாள். பதிலுக்குக் கம்பு வாங்கும்போது அதே பாயைத் தாழச் சுருட்டுவாள். அவளாக ஒன்றும் சொன்னதில்லை. வாங்குகிறவர்களே "உயரமா நிறுத்து, சிலம்பாயி" என்பார்கள். கொடுக்கும்போது அவர்களே "தாழ வெய்யி" என்பார்கள். அவள் வேண்டாம் என்று சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில்தான் அவள் தங்கை பூங்காவனத்தைக் கட்டிக்கொடுத்திருந்தாள். தங்கைக்கும் அதே பாய்தான். தொழில் என்றால் தொழில்.

நாற்பதாம் வருஷம் பூங்காவனத்தின் புருஷன் ராஜாவின் படையோடு போய்த் திரும்பவில்லை. ஒற்றை ஆளாக உழுது, விதைத்து, அறுத்துத் தை மாதம் கொண்டுவந்து நின்றாள்.

"எப்படிச் சுருட்டட்டும்?" என்றான் சாம்பலூதி.

"தாழ, சாமி."

சிலம்பாயி பக்கத்தில்தான் நின்றாள். கையில் மாட்டுக் கயிறு. தங்கை கொண்டுவந்த கம்பைக் கண்ணாலேயே அளந்துவிட்டாள். தாழச் சுருட்டினால் ஒரு சாண் குறையும். உயரச் சுருட்டினால் வழிந்து தரையில் கொட்டும்.

"எப்படிச் சுருட்டட்டும்?"

"தாழத்தான், சாமி."

சிலம்பாயி வாயைத் திறந்தாள். அவள் பின்னால் உப்பு வாங்க வந்த இருபது பெண்கள் நின்றார்கள். இங்கே உண்மையைச் சொன்னால் அது அங்கேயும் போய்க் குத்தும்.

"எப்படிச் சுருட்டட்டும்?"

"தாழ."

சிலம்பாயி வாயை மூடிக்கொண்டாள்.

ஒரு சாண் குறைந்தது. பூங்காவனம் திரும்பிப் பார்த்து "அக்..." என்றாள். மீதி எழுத்து வருவதற்குள் வாய் வைக்கோலாகிவிட்டது.

ஆடிதோறும் சாம்பலூதி கேள்வி கேட்கும்போது எல்லாரோடும் சேர்ந்து சிலம்பாயியும் "சமம்" என்று சொல்லிவந்தவள்தான். அதிலும் அவள் குரல்தான் உரக்கக் கேட்கும். வியாபாரம் பண்ணின தொண்டை.

மாசி போனது, பங்குனி போனது. ஒரு நாள் தங்கையின் வயலுக்குப் போனாள். பொம்மையின் இடது கையிலிருந்து ஒரு காக்கை வைக்கோலைக் கொத்திக்கொண்டு பறந்தது. சிலம்பாயி கல்லெடுத்து எறிந்தாள். காக்கையின் ஏழு தலைமுறையையும் திட்டினாள். பிறகு மாட்டை ஓட்டிக்கொண்டு நேராகக் குகைக்குப் போனாள்.

முதல் தடவை இரண்டு பொதி உப்பைக் காட்டினாள். "தங்கச்சியைத் திருப்பிக் குடு."

"உப்பு எனக்கு எதுக்கு?" என்றான் சாம்பலூதி.

இரண்டாம் தடவை இரண்டு மாடுகளையும் கொண்டுபோய் அவன் வாசலில் கட்டினாள்.

"மாடு எனக்கு எதுக்கு?" என்றான் சாம்பலூதி.

மூன்றாம் தடவை வெறுங்கையோடு போனாள். "உன் பாயோட குட்டு எனக்குத் தெரியும்."

சாம்பலூதி சிரித்தான். "எனக்கும் உன் பாயோட குட்டு தெரியும். நீயும் நானும் ஒரே தொழில், சிலம்பாயி. உன் பாய் சாண் கணக்கு, என் பாய் முழக் கணக்கு, அவ்வளவுதானே வித்தியாசம்? உக்காரு."

அவள் உட்காரவில்லை.

"ஒண்ணு செய்யறேன்," என்றான் அவன். "ஆடியில நான் கேக்கும்போது எப்பவும்போல உரக்கச் 'சமம்'னு சொல்லு. அன்னைக்கே உன் தங்கச்சி வீட்டுக்கு வருவா. உன் தங்கச்சி மட்டும்."

"சொல்லாட்டி?"

"சமம் இல்லேன்னு யார் வேணா சொல்லலாம். எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரிக் காட்டணும். காட்ட முடியாட்டி நீயும் வைக்கோல்."

சிலம்பாயி சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாசலில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு, வழியெல்லாம் அவற்றோடு பேசிக்கொண்டு போனாள். அவள் படித்த பாடம் ஒன்றே ஒன்றுதான்: எதிராளி கேட்காமலேயே விலையை ஏற்றுகிறான் என்றால், நம் கையில் இருக்கும் சரக்கின் மதிப்பு நமக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். இரண்டு பொதி உப்பு வேண்டாம் என்றவன், ஜோடி மாடு வேண்டாம் என்றவன், ஒரே ஒரு சொல்லுக்கு ஒரு உயிரைக் கொடுக்கிறான்.

"அப்ப அந்தச் சொல்லோட விலை என்ன?" என்று மாட்டைக் கேட்டாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. ஒவ்வொரு வருஷமும் மூன்றாவது "சமம்" விழுகிறவரைக்கும் சாம்பலூதி மூச்சு விடுவதில்லை. விழுந்த பிறகுதான் பாயில் அந்தப் பொன் மினுக்கு ஏறும். சாம்பலும், வைக்கோலும், குகையும் நின்றது அவன் மந்திரத்தில் அல்ல, ஏமாந்தவர்கள் வாயிலிருந்து வந்த அந்த ஒற்றைச் சொல்லில்.

ஆடி வந்தது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. அந்த வருஷத்துப் பொம்மைகள் பதினேழும் வயலில் நின்றன. பூங்காவனத்தின் இடது கையில் ஒரு விரல் இல்லை.

பாய் நெடுநெடுவென்று நின்றது, ஏணி சாய்ந்தது, வீட்டுக்கு ஒரு பாய் கம்பு கொட்டியது. கடைசி வீடும் வாங்கி முடித்தது.

"குடுத்ததும் வாங்கினதும் சமமா?"

"சமம்."

சாம்பலூதியின் கண் சிலம்பாயியைத் தேடியது. அவள் வாயைத் திறக்கவில்லை.

"குடுத்ததும் வாங்கினதும் சமமா?"

"சமம்."

அவள் வாயைத் திறக்கவில்லை.

"குடுத்ததும் வாங்கினதும் சமமா?"

"இல்லை," என்றாள் சிலம்பாயி.

ஊர் திரும்பிப் பார்த்தது. முன்வரிசையில் மாடக்கோன் நின்றான். ஊரிலேயே உயரமான தலைப்பாகை அவனுடையது. "ஏ உப்புக்காரி, உனக்கு என்னடி வந்தது? குடுத்தது நாலு முழம், வாங்கினது எட்டு முழம். சாமியே சும்மா இருக்கார், நீ எதுக்குக் கிளறுறே?"

சாம்பலூதி மெல்லச் சொன்னான். "அவளையே கேளுங்க. உங்களுக்கு எந்தப் பாயில உப்பு அளந்தா, எப்படிச் சுருட்டினான்னு."

அவன் எறிந்த கல் சரியான இடத்தில்தான் விழுந்தது. சிலம்பாயி மாட்டின் முதுகிலிருந்து தன் இரண்டு பாயையும் இறக்கி, ஒன்றின் மேல் ஒன்றை விரித்தாள். ஓரம் ஓரத்தோடு சரியாகப் பொருந்தியது.

"இதே பாய்தான். எட்டுச் சாண் நீளம், நாலு சாண் அகலம். ரெண்டும் ஒண்ணுதானான்னு பார்த்துக்குங்க. உப்புக்கு உயரச் சுருட்டினேன், கம்புக்குத் தாழச் சுருட்டினேன். ஏன்னு இப்பத் தெரியும்."

பக்கத்தில் நின்ற ஒருத்தியை ஓரத்தைப் பிடிக்கச் சொல்லி, ஒரு பாயைத் தாழச் சுருட்டி முள் குத்தி நிறுத்தினாள். இன்னொன்றை உயரச் சுருட்டி முள் குத்தி, அதற்குள்ளேயே நிறுத்தினாள். குட்டையான அகலக் குதிருக்கு நடுவில் ஒல்லியாய் ஒரு நெட்டைக் குதிர்.

"எது பெரிசு?"

"இது என்ன கேள்வி? நடுவுல இருக்கிற நெட்டை," என்றான் மாடக்கோன். ஊர் தலையாட்டியது.

சிலம்பாயி, மாடக்கோனின் மனைவி ஒச்சம்மாளைக் கூப்பிட்டு முக்காலியில் ஏற்றினாள். உப்பைப் பெட்டி பெட்டியாக நெட்டைக் குதிரில் கொட்டச் சொன்னாள். வாய் வரைக்கும் நிரம்பியது. ஒச்சம்மாள் விளிம்பைக் கையால் வழித்துச் சமன் செய்தாள்.

"நிரம்பிருச்சா?"

"நிரம்பிருச்சு."

சிலம்பாயி குட்டைக் குதிருக்கு மேலே கையை நீட்டி, நெட்டைப் பாயின் முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பாய் விரிந்தது. மேலே இழுத்து உருவினாள். உப்பு சரசரவென்று சரிந்து வெளிப்பாயின் ஓரம் வரைக்கும் பரவியது.

"ஒச்சம்மா, கையை விட்டு உயரம் பாரு."

ஒச்சம்மாள் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். சாண் போட்டாள். மறுபடியும் போட்டாள். "பாய் நாலு சாண்," என்றாள். "உப்பு ரெண்டு சாண்தான் இருக்கு." கொஞ்ச நேரம் தலையை வெளியே எடுக்கவே இல்லை. உள்ளே இருந்தபடியே சொன்னாள்: "பாதிதான் இருக்கு."

நாற்பது வருஷமாகத் தையில் இரண்டு பங்கு கொடுத்து ஆடியில் ஒரு பங்கு வாங்கியிருக்கிறார்கள். ஏமாற்றுவதாக நினைத்து ஏமாந்திருக்கிறார்கள். தாழச் சுருட்டச் சொன்னதாலேயே நிரம்பாமல் போன பாய்கள் எத்தனை என்று ஒவ்வொருவனும் தன் வயலைத் திரும்பிப் பார்த்தான்.

"நான் ஒரு பொய்கூடச் சொல்லலை," என்றான் சாம்பலூதி. "எப்படிச் சுருட்டட்டும்னு கேட்டேன். மூணு தடவை கேட்டேன். நீங்கதான் சொன்னீங்க."

அது உண்மை.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை. ஒரே ஒரு வாய் சமம்னு சொன்னா போதும். யாரும் ஏமாறலைன்னு ஆகிடும்."

கேளுங்கள் இந்தக் கூத்தை. கண்ணால் பார்த்த பிறகும், இரண்டு மூன்று உதடுகள் அசைந்தன. நாற்பது வருஷம் முட்டாளாக இருந்தோம் என்பதைவிட, பசியோடு இருப்பது அவர்களுக்குச் சுலபமாகத் தெரிந்தது. மாடக்கோன் வாயைக்கூடத் திறந்துவிட்டான். ஒச்சம்மாள் முக்காலியிலிருந்து இறங்கி வந்து, உப்புக் கையாலேயே அவன் வாயைப் பொத்தினாள்.

"பேசாம இருய்யா," என்றாள். "நம்ம மூத்தவன் அந்த வயல்ல குச்சியா நிக்கறான்."

ஒருவரும் சொல்லவில்லை.

பொன் பாயின் மினுக்கு அணைந்தது. பாய் தானாக எழுந்தது, சாம்பலூதியைச் சுற்றியது, உயரச் சுருண்டது. எட்டு முழ உயரத்துக்கு நெடுநெடுவென்று நின்றது. ஒச்சம்மாள் ஏணி வைத்து ஏறி உள்ளே பார்த்தாள். ஒரு கைப்பிடி சாம்பல் கிடந்தது.

குகைக் கதவு பிளந்தது. நாற்பது வருஷத்துப் பாதித் தானியம் கரைபுரண்டு தெருவுக்கு வந்தது. வயலில் நின்ற பதினேழு பொம்மைகளும் மனிதர்களாகிக் கண்ணைக் கசக்கின. பழைய வருஷத்துக் குச்சிகள் குச்சிகளாகவே நின்றன. ஒச்சம்மாள் போய் ஒரு குச்சியின் அடியில் உட்கார்ந்தாள். அவளை எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை.

சிலம்பாயி தங்கையின் வயலுக்கு ஓடினாள்.

"...கா," என்றாள் பூங்காவனம். ஆறு மாதத்துக்கு முன்னால் விட்ட எழுத்து. பிறகு அக்காவை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னைக்கு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வாயைத் திறந்தே. பார்த்தேன். திறந்துட்டு மூடிட்டே."

"ஆமா."

"எனக்கும் உப்பை உயரமாத்தான் நிறுத்தினே."

"ஆமா."

பூங்காவனம் நாலு விரல் கையால் சேலையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கூட வா என்று சொல்லவில்லை.

ராஜா சிலம்பாயிக்கு வெகுமானம் அனுப்பினார். ஒன்பது சுற்று உயரத்துக்கு ஒரு தலைப்பாகை. அதை அவள் பிரித்து உப்புப் பொதிக்கு மூடு துணியாக்கினாள்.

ஊரும் கூடியது. நன்றி சொல்லக் கூடியதாக நினைக்க வேண்டாம். "ஏழு வருஷத்துக்கு உப்பைத் தாழச் சுருட்டிக் குடுக்கணும், கம்பை உயரச் சுருட்டி வாங்கணும்," என்றான் மாடக்கோன்.

"ஏழா? உன் தலைப்பாகை அளவுக்கு எனக்குச் சொத்து இருக்குன்னு நினைச்சியா? மூணு வருஷம்," என்றாள் சிலம்பாயி. குரல் கிழியப் பேரம் பேசினாள். ஐந்தில் படிந்தது. திட்டிக்கொண்டேதான் ஒப்புக்கொண்டாள், ஆனால் ஐந்து வருஷமும் ஒரு தடவைகூடப் பாயை மாற்றிச் சுருட்டவில்லை. நஷ்டத்தில் ஒரு மாடு விலைக்குப் போயிற்று. மற்றொரு மாட்டோடு நடந்தாள்.

அந்த ஐந்து வருஷமும் பூங்காவனம் பக்கத்து வீட்டுக்காரி கையில் கம்பு கொடுத்தனுப்பித்தான் உப்பு வாங்கினாள்.

ஆறாம் வருஷம் ஒரு காலையில் அவளே கூடையோடு வந்து நின்றாள். சிலம்பாயி பாயைக் கையில் எடுத்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எப்படிச் சுருட்டட்டும்?"

"எப்படியோ சுருட்டு. குடுக்கும்போது எப்படியோ, வாங்கும்போதும் அப்படியே சுருட்டு."

சிலம்பாயி பாயை வளைத்தாள். ஓரத்தோடு ஓரம் சேரவில்லை. ஒற்றை ஆளால் பிடித்துக்கொண்டே முள் குத்த முடியாது, எப்போதும் யாரையாவது கூப்பிடுவாள். அன்று யாரையும் கூப்பிட வாய் வரவில்லை.

பூங்காவனம் கூடையைக் கீழே வைத்தாள். குனிந்து, நாலு விரல் கையால் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"குத்து, அக்கா," என்றாள்.

அவர்கள் அங்கே உப்புப் போட்டுக் கஞ்சி குடித்தார்கள். கதை கேட்ட நீங்கள் எழுந்து உங்கள் பாயைச் சுருட்டிக்கொள்ளுங்கள். எப்படிச் சுருட்டுவது என்று என்னைக் கேட்காதீர்கள்.